காயிலையும் இன்ஜெக்டரையும் ஓட்டும் டிரைவர் சர்க்யூட்: மண்டபம் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. பகலில் கார் மின்வேலை, சாயங்காலம் சாலிடரிங். பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள், பாலிடெக்னிக் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து மெக்கானிக்குகள் என்று வருகிறவர்கள் பலர். கேட்பது மட்டும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி டீ ஆறிப்போகிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எல்லாமே 12 வோல்ட் பெட்ரோல் வண்டிக்கானவை. வரிசையாகப் படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

1. அண்ணே, டிரைவர் டிரைவர்னு சொல்றீங்களே, போர்டுல இருந்து வர்ற வயரை நேரா காயில்ல கொடுத்தா என்ன?

கொடுத்தால் போர்டு செத்துவிடும். அர்டுயினோ மெகா மாதிரி, புரோகிராம் போட்டு ஓட்டும் பலகையின் (போர்டின்) ஒரு காலில் 20 மில்லிஆம்பியர் எடுக்கலாம், 40 என்பது உச்ச எல்லை. பிளக்கில் ஸ்பார்க் உண்டாக்கும் இக்னிஷன் காயில் கேட்பது 6, 7 ஆம்பியர். சின்ன சிக்னலை வாங்கிக்கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் டிரைவர். காயிலுக்கும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் ஒரு முனையில் சாவி வழியாக 12 வோல்ட் நிற்கும். மறுமுனையை எர்த்தோடு சேர்ப்பதும் பிரிப்பதும் டிரைவரின் வேலை.

ஸ்பீடுயினோ (அர்டுயினோவை வைத்து இன்ஜினை ஓட்டும் பலகை) வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் இன்ஜெக்டர் டிரைவர் பலகையிலேயே இருக்கும், காயிலுக்கு வருவது வெறும் சிக்னல். இரண்டும் ஒன்று என்று நினைத்து நேரே இணைத்து, புகை வந்த பிறகு பையில் போட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

2. எங்கப்பா காலத்துல பாயிண்ட்டும் கன்டென்சரும் வச்சே ஓடுச்சு. இதெல்லாம் எதுக்கு சார்?

ஓடியது, இன்றும் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலின் கரண்டை வெட்டும் முனைதான் பாயிண்ட், அதில் பொறி பறக்காமல் தடுப்பது கன்டென்சர். நூறாண்டுக்கு முன் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த முறை அது. அதன் குறை, காயிலின் மொத்தக் கரண்டும் பாயிண்ட் முனை வழியாகப் போவது. நாலு ஆம்பியரை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டினால் முனை கருகத்தான் செய்யும். கருகினால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் டைமிங் மாறும்.

முழுசாக மாற்ற மனமில்லாதவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. பாயிண்ட்டை வெறும் சிக்னலுக்கு வைத்துக்கொண்டு, காயிலின் கரண்டை டிரான்சிஸ்டர் வெட்டட்டும். அப்போது பாயிண்ட்டில் கால் ஆம்பியர் போனால் போதும். அதையும் சுத்தமாகக் குறைத்துவிடாதீர்கள். கொஞ்சமாவது கரண்ட் போனால்தான் முனையில் படியும் எண்ணெய்ப் படலம் எரிந்து சுத்தமாக இருக்கும். பழைய கன்டென்சரைப் பாயிண்ட்டிலிருந்து கழற்றிவிடுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று கடைசிக் கேள்வியில் தெரியும்.

3. ஐஆர்எஃப்இசட் 44 போட்டேன், 49 ஆம்பியர் தாங்கும்னு போட்டிருக்கு. ஸ்பார்க் மட்டும் கொசு மாதிரி வருது. ஏன்?

பட்டறையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். எல்லோரும் ஆம்பியரைப் பார்க்கிறார்கள், வோல்ட்டைப் பார்ப்பதில்லை. காயிலில் ஸ்பார்க் வருவது கரண்ட் போகும்போது அல்ல, வெட்டும்போது. கரண்ட் சட்டென்று நின்றதும் உள்ளே தேங்கிய காந்தசக்தி வெளியேற வழி தேடும். டிரைவர் வெட்டும் பிரைமரிச் சுற்றில் அது 300, 400 வோல்ட் வரை எகிறும். பிளக்கோடு சேர்ந்த செகண்டரியில் பிரைமரியைப் போலச் சுமார் 80 மடங்கு சுற்று என்று வையுங்கள், 400 வோல்ட் அங்கே 32,000 வோல்ட்டாகிறது. பிளக்கில் தாவுவது அதுதான்.

ஐஆர்எஃப்இசட் 44 ஒரு மாஸ்ஃபெட், அதாவது வோல்ட்டால் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் வகை. அதன் தாங்குதிறன் 55 வோல்ட். பிரைமரி அதைத் தாண்டப் பார்க்கும்போது மாஸ்ஃபெட் தானே கடத்த ஆரம்பித்து மேலே ஏறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 60 வோல்ட்டையே 80-ஆல் பெருக்கினாலும் 4,800 வோல்ட்தான். அமுக்கம் ஏறிய சிலிண்டருக்குள் அது எங்கே தாவும்? உங்கள் கொசு ஸ்பார்க்கின் கதை இவ்வளவுதான். தேங்கிய சக்தி முழுக்க மாஸ்ஃபெட்டிலேயே வெப்பமாக இறங்குவதால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

காயிலுக்கு என்றே செய்த ஐஜிபிடி (அதிக வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் வகை) வாங்குங்கள். ஐஎஸ்எல்9வி3040 ஒன்று. 400 வோல்ட் அளவில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் கிளாம்ப் உள்ளேயே இருக்கிறது, 5 வோல்ட் சிக்னலுக்கும் திறக்கும். பழைய முறையில் பியு 941 டார்லிங்டன் டிரான்சிஸ்டர் நல்லது, ஆனால் அதன் சிக்னல் காலான பேஸுக்குக் கரண்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். எதுவானாலும் ஹீட் சிங்க் வேண்டும், நடுவில் மைக்கா ஷீட்டும் வேண்டும். உலோக முதுகு, காயிலோடு இணையும் காலான கலெக்டரோடு சேர்ந்தது, அதில் 400 வோல்ட் நிற்கும். கை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

4. ரிலேக்கு எல்லாம் ரிவர்ஸ் டயோடு போடுறோமே. காயிலுக்கும் ஒண்ணு போட்டா டிரான்சிஸ்டர் போகாதுல்ல?

டிரான்சிஸ்டர் போகாது, வண்டியும் போகாது. 3-ல் சொன்ன 400 வோல்ட் எகிறல்தான் ஸ்பார்க்குக்கு மூலதனம். டயோடு அதை ஒரு வோல்ட்டுக்குள் அமுக்கிவிடும். ரிலேயில் நமக்கு அந்த எகிறல் தொல்லை, காயிலில் அதுவே வேலை.

5. அப்போ இன்ஜெக்டருக்கும் அதே ஐஜிபிடி போட்டுடலாமா? ஒரே ஸ்டாக் வச்சுக்கலாம்னு பாக்குறேன்.

சிக்கனம் புரிகிறது, ஆனால் இரண்டு ஆளும் வேறு. இன்ஜெக்டர் என்பது ஊசியைத் தூக்கும் சின்ன மின்காந்தம். அதில் ஸ்பார்க் தேவையில்லை, சொன்ன நேரத்தில் திறந்து சொன்ன நேரத்தில் மூடினால் போதும். ஐஜிபிடியில் ஒன்றரை வோல்ட் அளவு வீணாகும், மாஸ்ஃபெட்டில் அது கிட்டத்தட்ட இல்லை. 3-ல் நான் திட்டிய குடும்பத்துக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் ஐஆர்எஃப்இசட் அல்ல, ஐஆர்எல்இசட் 44. ஒரு எழுத்துதான் வித்தியாசம். முதலாவதன் கேட்டுக்கு (சிக்னல் வாங்கும் காலுக்கு) 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுசாகத் திறக்கும், இரண்டாவது 5 வோல்ட்டிலேயே திறக்கும். பலகை 3.3 வோல்ட் என்றால் இதுவும் அரைகுறைதான். நடுவில் டிசி 4427 மாதிரி ஒரு கேட் டிரைவர் சிப் வையுங்கள், ஆனால் அதன் சப்ளை 4.5 வோல்ட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது.

இங்கேயும் அணைக்கும் நொடிதான் முக்கியம். வெறும் ரிவர்ஸ் டயோடு போட்டால் கரண்ட் இன்ஜெக்டருக்குள்ளேயே சுற்றி மெதுவாகச் சாகும், ஊசியும் மெதுவாக இறங்கும். ஐடிலில் மொத்தத் திறப்பே இரண்டு மூன்று மில்லிசெகண்ட்தான், அதில் இந்தத் தாமதம் பெட்ரோலைக் கூட்டிவிடும். டிரெயினுக்கும் (இன்ஜெக்டரோடு இணையும் கால்) கேட்டுக்கும் நடுவில் 36 வோல்ட் ஜீனர் டயோடும், அதற்கு எதிர்த்திசையில் ஒரு சாதா டயோடும் தொடராகப் போடுங்கள், கேட்டில் சின்ன ரெசிஸ்டரும் இருக்கட்டும். 36 வோல்ட் வரை எகிறவிட்டால் கரண்ட் சட்டென்று விழும், ஊசியும் சட்டென்று மூடும். காயிலுக்கு 400, இன்ஜெக்டருக்கு 36, ரிலேக்கு 1. எவ்வளவு உயர விடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் அணையும்.

6. என் இன்ஜெக்டர்ல மீட்டர் வச்சா 2.4 ஓம் காட்டுது. பக்கத்துக் கடையில 14 காட்டுதுங்கிறாங்க. எனக்குக் கெட்டுப்போச்சா?

கெடவில்லை, ஜாதி வேறு. 12 முதல் 16 ஓம் இருப்பது அதிக ரெசிஸ்டன்ஸ் வகை. 14 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்தான் எடுக்கும், 5-ல் சொன்ன சர்க்யூட் அப்படியே பொருந்தும். 2.4 ஓமில் அதே சர்க்யூட் போட்டால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்து இன்ஜெக்டர் வெந்துபோகும். அதற்கு முதலில் 4 ஆம்பியர் கொடுத்துத் தூக்கி, பிறகு 1 ஆம்பியரில் பிடித்து வைக்கும் சர்க்யூட் வேண்டும். எல்எம் 1949 என்ற சிப் அதற்காகவே வந்தது.

எளிய வழி, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தொடராக 6.8 ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டர். கரண்ட் ஒன்றரை ஆம்பியருக்கு இறங்கிவிடும். தொடர்ந்து திறந்தே இருந்தால் ரெசிஸ்டரில் 16 வாட் எரியும் என்பதால் 25 வாட் வகை வாங்கி, பிளாஸ்டிக் படாத இடத்தில் தகரத்தில் இறுக்குங்கள். திறக்க ஒரு இழை தாமதமாகும், அதை மென்பொருளில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

7. டிவெல் எவ்வளவு வைக்கணும் அண்ணே? நெட்ல ஒருத்தன் 3ங்கிறான், ஒருத்தன் 5ங்கிறான்.

டிவெல் என்றால் காயிலில் கரண்ட் ஏறவிடும் நேரம். அது காயிலைப் பொறுத்தது, அடுத்தவன் எண் உங்களுக்கு உதவாது. 3 மில்லிஹென்றி, 0.5 ஓம் உள்ள ஒரு காயிலை எடுத்துக்கொள்ளுங்கள், 7 ஆம்பியர் வேண்டும். பேட்டரி 14 வோல்ட் என்றால் 1.7 மில்லிசெகண்டில் வந்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் 10-க்கு விழுந்தால் அதே 7 ஆம்பியருக்கு 2.6 ஆகும். ஆகவே ஒரே எண் போதாது, வோல்ட்டுக்கு ஏற்ற பட்டியல் வேண்டும். இந்தக் காயிலுக்கு 5 மில்லிசெகண்ட் கொடுத்தால் கூடுதல் ஸ்பார்க் வராது, கோர் (காயிலின் நடு இரும்பு) காந்தத்தால் நிரம்பிய பிறகு கரண்ட் வெப்பமாகத்தான் போகும்.

சரிபார்க்க நல்ல வழி, காயிலின் எர்த் பக்கம் 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்து, வோல்ட்டைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பில் பார்ப்பது. கோடு நேராக ஏறி, ஒரு கட்டத்தில் மேல்நோக்கி வளைந்தால் கோர் நிரம்பிவிட்டது என்று பொருள். வளைவுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். ஸ்கோப் இல்லையென்றால் கொஞ்சத்தில் தொடங்குங்கள், 1.5-லிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு காயிலைத் தொட முடியவில்லை என்றால் அதிகம்.

8. சாவி போட்டதுமே ஒரு தடவை 'டப்'னு ஸ்பார்க் அடிச்சுது. அப்புறம் காயில் கொதிக்குது, இன்ஜின் ஓடவே இல்லை.

பலகை விழித்தெழும் அந்த ஒரு விநாடியில் அதன் கால்கள் எந்தப் பக்கமும் சேராமல் மிதக்கும். மிதக்கும் கேட் தன்னிஷ்டத்துக்குத் திறக்கும். ஒவ்வொரு கேட்டிலிருந்தும் எர்த்துக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். காலணாச் சமாச்சாரம், ஆனால் இல்லாமல் வரும் போர்டுகள்தான் அதிகம்.

அதன் பிறகும் காயில் கொதித்தால் மென்பொருளில் சிக்னல் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது. ஓய்வில் மூடியிருக்க வேண்டியது திறந்தே இருக்கிறது. இதே தப்பு இன்ஜெக்டரில் நடந்தால் விளைவு மோசம். பம்ப் ஓடுகிற வரை பெட்ரோல் சிலிண்டரில் இறங்கும், ஆயிலில் கலக்கும், சிலிண்டர் நிறைந்த பிறகு ஸ்டார்ட்டர் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அதனால் முதல் நாள் பியூயல் பம்ப் பியூஸைக் கழற்றிவிட்டுத்தான் சாவி போட வேண்டும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

9. டேபிள்ல ஸ்பார்க் அடிக்குது, வண்டில போட்டா போர்டு ரீசெட் ஆகிட்டே இருக்கு.

பத்தில் எட்டு எர்த் கோளாறு. காயிலின் 7 ஆம்பியர் திரும்பிப் போகும் அதே மெல்லிய வயரில் பலகையின் எர்த்தும் இருந்தால், ஒவ்வொரு வெட்டிலும் பலகைக்குத் தரையே ஆடுகிறது. காயில், இன்ஜெக்டர் எர்த்துக்குத் தடித்த வயர், பலகைக்குத் தனி வயர், இரண்டும் இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் போய்ச் சேர வேண்டும். பாடியில் அங்கொன்று இங்கொன்று கடிக்க வேண்டாம்.

மீதி இரண்டில் ஒன்று சப்ளை. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பேட்டரி 7, 8 வோல்ட்டுக்கு விழும், ஓடும் வண்டியில் பேட்டரி வயர் கழன்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து 80 வோல்ட்டுக்கு மேல் ஒரு அலை வரும். சப்ளை வாசலில் அந்த அலையை அமுக்கும் டிவிஎஸ் டயோடு, தலைகீழ் பேட்டரிக்கு ஒரு டயோடு, நல்ல கெப்பாசிட்டர் இருக்கட்டும். இன்னொன்று பிளக். ரெசிஸ்டர் உள்ள பிளக்கும், ரெசிஸ்டர் உள்ள ஹெச்டி வயரும் (காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது) போடுங்கள். செம்புக் கம்பி வயர் ரேடியோ நிலையம் மாதிரி கத்தும்.

இன்னொரு எச்சரிக்கை: பிளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு சும்மா சிக்னல் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். தாவ இடம் இல்லாத சக்தி முழுக்க ஐஜிபிடிக்கே திரும்பி வரும்.

10. மதுரைல செஞ்ச அதே போர்டு அங்க மூணு வருஷமா ஓடுது. பாம்பன்ல ஆறு மாசத்துல பச்சை பூத்துப் போச்சு. உப்புக்காத்துதானா?

உப்புதான், ஆனால் உப்பு மட்டும் அல்ல. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். நம் கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். பகலில் போர்டில் படிந்த தூள் இரவில் கரைசலாகிவிடுகிறது. கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்தில் 12 வோல்ட் ஒரு தடமும் எர்த் ஒரு தடமும் இருந்தால், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து நகர ஆரம்பிக்கும். நீங்கள் பார்க்கிற பச்சை அதுதான். வண்டி ஓடாமல் நிற்கும் இரவில்தான் இது அதிகம் நடக்கிறது. அதனால் நான் முதலில் சொல்வது கோட்டிங் அல்ல. சாவி அணைத்தால் போர்டுக்கு எந்த வோல்ட்டும் வராதபடி மெயின் ரிலே வைத்து வெட்டுங்கள். வோல்ட் இல்லாத ஈரம் பாதிதான் தின்னும்.

அப்புறம் கோட்டிங். சாலிடர் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் வைத்து பிளக்ஸ் (சாலிடர் விட்டுப்போகும் பிசின்) முழுக்கக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதற்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அக்ரிலிக் கான்ஃபார்மல் கோட்டிங் இரண்டு பூச்சு. கழுவாமல் பூசினால் அழுக்கை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். பாத்ரூம் சிலிக்கான் டியூப்பைப் பிதுக்கி மூடுகிறவர்கள், முதலில் அதை முகர்ந்து பாருங்கள். வினிகர் நாற்றம் வந்தால் அது அசிட்டிக் அமிலம் விடும் வகை, செம்பை அதுவே தின்றுவிடும்.

கடைசியாக, ஹெச்டி பக்கம். காயில் தலையில் உப்புப் படலம் படிந்தால் 30,000 வோல்ட்டுக்குப் பிளக் வரை போக அவசியமே இல்லை, படலத்தின் மேலேயே எர்த்துக்கு ஓடிவிடும். ஓடிய இடம் கரிக்கோடாகிவிடும், பிறகு காய்ந்தாலும் அந்த வழியேதான் ஓடும். தனுஷ்கோடி போய்வந்த வண்டி மறுநாள் அதிகாலை ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் போர்டைத் திட்டாதீர்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து யாரையாவது ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள், காயில் தலையில் நீலப் புழுக்கள் ஊர்வது தெரியும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, ரப்பர் மூடிக்குள் சிலிக்கான் கிரீஸ் தடவினால் தீர்ந்தது. கரிக்கோடு விழுந்திருந்தால் காயிலையே மாற்ற வேண்டும்.

11. பேசாம எபாக்ஸி ஊத்தி மொத்தமா மூடிட்டா?

மூடலாம், பிறகு ரிப்பேர் செய்ய முடியாது. முதல் ஒரு வருடம் ஓட்டிக் குறைகளைத் தீர்த்த பிறகு ஊற்றுங்கள். அதுவரை போர்டை டேஷ்போர்டுக்குக் கீழே, கேபினுக்குள் வையுங்கள், கனெக்டர் வாய் தரையைப் பார்த்து இருக்கட்டும்.

12. நம்ம ஃபைபர் படகு அவுட்போர்டுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்.

செய்து தர மாட்டேன். அவுட்போர்டுகளில் (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) பெரும்பாலும் இருப்பது சிடிஐ, அதாவது கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னிஷன். அது 3-ல் சொன்னதற்கு நேர் எதிர். காயிலில் சக்தி சேர்ப்பதில்லை, கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் அளவுக்குச் சேர்த்து, ஒரே அடியாகக் காயிலுக்குள் கொட்டுகிறது. காயிலின் சுற்றே வேறு. அந்தக் காயிலில் ஐஜிபிடி போட்டால் ஸ்பார்க் வராது, காரின் காயிலை அங்கே வைத்தாலும் சரிவராது. கரையில் என்றால் தள்ளிக்கொண்டு வரலாம், கடலில் என்ன செய்வீர்கள்?

13. பிஎஸ்6 வண்டில ஒரிஜினல் ஈசிஎம் விலை ஜாஸ்தி. நம்ம டிரைவரைப் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவதைத் தடுக்கிறது. அதைவிட, அந்த ஈசிஎம் (இன்ஜினின் கணினி) திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரிலிருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது. நேரடி இன்ஜெக்ஷன் வண்டியும் காமன் ரெயில் டீசலும் அதையும் தாண்டிய விஷயம். அங்கே இன்ஜெக்டரைத் திறக்க 65 வோல்ட் அளவுக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும், குழாயில் இருக்கும் அழுத்தத்துக்குப் பீறிடும் எரிபொருள் தோலையே துளைத்துவிடும். இந்தப் பக்கத்தில் எழுதியது பழைய வண்டிக்கும், புராஜெக்ட் இன்ஜினுக்கும் மட்டும்.

14. வாங்குற டிரான்சிஸ்டர் டூப்ளிகேட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்கு பியு 941 கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பெஞ்ச்சில் 5 ஆம்பியர் ஓடவிட்டு கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பேஸுக்குப் போதுமான கரண்ட் கொடுத்தும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் நின்றால் திருப்பிக் கொடுங்கள்.

15. பாம்பன் பாலத்து நடுவுல போர்டு போயிடுச்சுன்னா என்ன பண்றது அண்ணே?

இது எனக்கே நடந்தது. ஒரு ஆம்னியில் என் போர்டை மாட்டிவிட்டு ராமேஸ்வரம் போனேன். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் வண்டி நின்றது. பின்னால் சுற்றுலா வேன்களின் ஹாரன். போர்டு நன்றாகத்தான் இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டாமல் எர்த் போல்ட்டை இறுக்கியிருந்தேன், தப்பு என்னுடையது. கையில் மாற்று எதுவும் இல்லை, மண்டபம் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தோம்.

அதன் பிறகு பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் பாயிண்ட்டை அப்படியே விட்டுவிடுகிறேன், 2-ல் சொன்ன நடுவழிதான். போர்டு போனால் ஒரு கனெக்டரைக் கழற்றி மறுபக்கம் செருகினால் பாயிண்ட்டே காயிலை வெட்டும். இதில் ஒரு பொறி உண்டு. 0.5 ஓம் எலக்ட்ரானிக் காயிலைப் பாயிண்ட்டில் கொடுத்தால் கரண்ட் தடையில்லாமல் ஏறும், முனை சில நிமிடங்களில் உருகிவிடும். அதனால் பழைய 3 ஓம் காயிலையும் கன்டென்சரையும் ஒரே கனெக்டரில் கட்டி டிக்கியில் போட்டு வைக்க வேண்டும். கூடவே ஒரு 10 ஸ்பேனர், எமரி துண்டு, டார்ச். பாலத்தில் அடிக்கிற காற்றில் டார்ச்சைக் கீழே வைக்க முடியாது, பல்லில் கடித்துக்கொள்ளுங்கள்.